அந்தமான் பயணம்: கடன் வேண்டாம், கடைசி இரவை மாற்றுங்கள்

கேள்வி: எனக்கு வயது 44. திருநெல்வேலியில் தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 68,000 ரூபாய். வாடகை, பிள்ளைகள் படிப்பு, நகைச் சீட்டு எல்லாம் போக மாதம் 12,000 மிஞ்சுகிறது. வங்கியில் எஃப்.டி. (நிரந்தர வைப்பு) 2.5 லட்சம் இருக்கிறது. தீபாவளிக்கு 35,000 போனஸ் வரும். அடுத்த கோடை விடுமுறைக்கு மனைவி, ஏழாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளோடு அந்தமான் போக ஆசை. சென்னையிலிருந்து 5 இரவு பேக்கேஜ் 1.6 லட்சம் என்கிறார் ஏஜென்ட். போர்ட் பிளேரில் 2 இரவு, ஹேவ்லாக் தீவில் 2, நீல் தீவில் 1. ஆறாம் நாள் காலை நீலிலிருந்து கப்பலில் திரும்பி, மதியமே விமானம். இப்போதே பதிவு செய்தால் 'நோ காஸ்ட் இஎம்ஐ' (வட்டியில்லாத் தவணை) உண்டாம். வங்கியிலிருந்து பெர்சனல் லோனுக்கும் கூப்பிடுகிறார்கள். இஎம்ஐ போடலாமா, லோன் வாங்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா? எல்டிஏ-வில் (சம்பளத்தில் வரும் விடுமுறைப் பயணப்படி) வரி மிச்சமாகும் என்பது உண்மையா?

பதில்: மூன்றுமே வேண்டாம். கோடைக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது, மாதம் 12,000 கையில் நிற்கிறது. இந்தப் பயணத்துக்குத் தேவையான பணம் உங்கள் சம்பளத்திலேயே இருக்கிறது.

முதலில் லோன். 1.6 லட்சத்தை 14 சதவீத வட்டியில் இரண்டு வருடத்துக்கு வாங்கினால், மாதத் தவணை சுமார் 7,680 ரூபாய். வட்டி மட்டும் 24,000-க்கு மேல். பிராசஸிங் கட்டணம் தனி. பயணம் முடிந்து ஒரு வருடம் கழித்தும், மூத்த பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த பிறகும், அந்தமானுக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள். 'நோ காஸ்ட்' என்பதிலும் பிராசஸிங் கட்டணமும் வட்டி மீதான ஜிஎஸ்டியும் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். மொத்தப் பணமாகத் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஏஜென்ட்டிடம் கேட்டுப் பாருங்கள். அவர் குறைக்கும் தொகைதான் அந்த இஎம்ஐ-யின் உண்மையான வட்டி.

எஃப்.டி.யைத் தொடவே கூடாது. உங்கள் குடும்பத்துக்கு அது நான்கு மாதச் செலவு. சம்பாதிப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. வேலையோ உடம்போ சரியில்லாமல் போனால் அந்தப் பணம்தான் கைகொடுக்கும்.

ஜூலையில் மாதம் 12,000-க்கு ஆறு மாத ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் வைப்பு) தொடங்குங்கள். ஜனவரியில் 72,000 முதலும் ஆயிரத்துச் சொச்சம் வட்டியும் வரும். போனஸைத் தனியே எடுத்து வையுங்கள். இந்த இரண்டிலிருந்து ஜனவரியிலேயே விமான டிக்கெட்டும் அறைகளும் பதிவு செய்துவிடலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கு மாதச் சேமிப்பு, அங்கே போய்ச் செலவழிக்க. மொத்தம் சுமார் 1.56 லட்சம்.

இது போதுமா? நால்வருக்கு விமானம் 48,000, தீவுகளுக்கிடையே தனியார் கப்பல் மூன்று சவாரிக்கு 18,000, அறை 22,500, டாக்சி 15,000, சாப்பாடு 18,000, ஸ்கூபா, ஸ்நோர்கெலிங், நுழைவுச் சீட்டு 12,000, சென்னைக்கு ரயில் 5,000 என்று வைத்துக்கொண்டால் 1,38,500. மீதியில் 15,000-ஐ அவசரத்துக்கென்று ஒதுக்குங்கள். இவை என் உத்தேசக் கணக்கு. விமான விலைதான் அதிகம் ஆடும், அதனால்தான் அதை முதலில் வாங்கச் சொல்கிறேன். அரசுக் கப்பல் தனியாரைவிட மலிவு. ஹேவ்லாக்குக்குத் தனியார் கப்பல் ஒன்றரை மணி நேரத்தில் போனால், அரசுக் கப்பல் இரண்டரை மணி நேரம் வரை எடுக்கும். சென்னையிலிருந்து நேரே கப்பலில் போகலாம் என்று யாராவது சொன்னால், போக மட்டும் ஏறக்குறைய மூன்று நாள். உங்கள் லீவுக்கு ஒத்துவராது.

இந்தத் திட்டத்தில் என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது கடைசி நாள்தான். கடல் கொந்தளித்தால் தீவுக் கப்பல்களை ரத்து செய்துவிடுவார்கள். கப்பல் கட்டணம் திரும்ப வரும். ஆனால் நீலில் நீங்கள் மாட்டிக்கொண்டதற்காக விமான நிறுவனம் காத்திருக்காது. நால்வருக்கும் அன்றைய விலையில் புது டிக்கெட் எடுப்பதென்றால், ஐந்து மாதச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடக்கூடும். ஆகவே இரவுகளைப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்: முதல் இரவு போர்ட் பிளேர், அடுத்த இரண்டு ஹேவ்லாக், பிறகு ஒன்று நீல், கடைசி இரவு மறுபடியும் போர்ட் பிளேர். அதே ஐந்து இரவு, ஒரு பைசாவும் அதிகமாகாது. செல்லுலார் சிறையை முதல் நாள் மாலையே பார்த்துவிடலாம். அங்கே ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் காலை விமானமாக எடுங்கள். ஸ்கூபா ஆசை இருந்தால் ஹேவ்லாக்கிலேயே முடித்துவிடுங்கள். கடலுக்குள் மூழ்கிய பிறகு 24 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது.

தேதியும் பணம்தான். மே மூன்றாவது வாரத்தில் தென்மேற்குப் பருவமழை அந்தமான் கடலை எட்டிவிடும். பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரத்தில் போய் வந்துவிடுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு மாற்றினால் விலை எகிறும், வங்கக் கடலில் புயல் பயமும் உண்டு.

டிக்கெட்டில் ஊர்ப்பெயர் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம். 2018-ல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும் நீல் ஷஹீத் தீவாகவும் மாறின. 2024-ல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. சின்னத் தீவுகளில் ஏடிஎம் குறைவு, நெட்வொர்க் இல்லாத இடத்தில் யுபிஐ கைவிடும். போர்ட் பிளேரிலேயே பத்தாயிரம் ரொக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்டிஏ பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் உண்மை. புதிய வரி முறையில் இருந்தால் அந்தச் சலுகையே கிடையாது. பழைய முறையில் இருந்தாலும் போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டும்தான். அறை, சாப்பாடு, ஊர் சுற்றிய டாக்சி எதுவும் சேராது. நான்கு வருடத் தொகுப்பில் இரண்டு பயணத்துக்குத்தான் கேட்க முடியும், உங்கள் சம்பளத்தில் எல்டிஏ என்று ஒதுக்கிய தொகைக்கு மேலும் கிடைக்காது. பேக்கேஜாகவே வாங்குவதென்றால், விமானக் கட்டணத்தைத் தனியாகக் காட்டும் பில் வேண்டும் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். நால்வரின் போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள், அலுவலகத்தில் கேட்பார்கள்.