பூநாரை தலை நிமிர்ந்தால் நில்லுங்கள்

கேள்வி: மார்கழி விடுமுறையில் பிள்ளைகளோடு சுண்டிக்குளத்துக்கோ வங்காலைக்கோ பூநாரை பார்க்கப் போக இருக்கிறோம். சிலர் மோட்டார் சைக்கிளைத் தரவைக்குள் இறக்கிக் கிட்டப்போய்ப் படம் எடுக்கிறார்கள். எவ்வளவு தூரத்தில் நிற்பது சரி?
– வாசகி, பரந்தன்

பதில்: இத்தனை மீற்றர் என்று கணக்குச் சொன்னால் பிழையாகிப்போகும், பறவையைப் பார்த்தே முடிவெடுங்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடித்துத்தான் இரை எடுக்கும். கூட்டத்தில் பல தலைகள் ஒன்றாக நிமிர்ந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். எல்லாம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் பின்னுக்கு வாருங்கள். அடுத்தது ஓட்டம், பிறகு பறப்பு. நீரில் ஓடி ஓடித்தான் அது எழும்பும்; அதற்குச் செலவாவது திரும்பிப் போகும் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு. ஒருமுறை எழுப்பினால் என்ன என்பீர்கள். உங்களுக்குப் பின்னால் வருபவரும் ஒருமுறைதான் எழுப்புவார்.

வாகனத்தை வீதியிலேயே விடுங்கள். மாரியில் களப்புக் கரை மேலே பொருக்கு, கீழே சேறு. சில்லு புதைந்தால் தள்ள ஐந்து பேர் இறங்க வேண்டிவரும், அந்தச் சத்தத்தில் பறவை ஒன்றும் மிஞ்சாது. வங்காலை என்றால் இறங்கவே தேவையில்லை: மதவாச்சி–தலைமன்னார் வீதி சரணாலயத்தை ஒட்டியே போகிறது. 8×42 (எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும்) தொலைநோக்கி போதும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, காலை ஒன்பதுக்கு முன் பாருங்கள். வெயில் ஏறினால் கானலில் உருவம் நடுங்கும். ட்ரோனை வீட்டில் வையுங்கள். பருந்து வந்ததென்று முழுக் கூட்டமும் கலையும்.

கேள்வி: இந்தப் பறவைகள் வரும் களப்புகளில் வலை வீச மீனவருக்குத் தடை, உல்லாசப் பயணிக்குப் படகு விடலாமாம். இது என்ன நியாயம்?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் இடத்துக்கு இடம் சட்டம் வேறு. வங்காலை 2008இல் சரணாலயமானது, 2010இல் ராம்சார் ஈரநிலம், அதாவது சர்வதேச உடன்படிக்கையின் கீழ் முக்கியமானதெனப் பட்டியலிட்ட ஈரநிலம். சரணாலய எல்லைக்குள் தனியார் காணியும் இருக்கலாம். சுண்டிக்குளமோ 1938இல் பறவைகள் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவாக மாறியது. பூங்காவுக்குள் அனுமதிச்சீட்டோடு பார்க்க மட்டுமே போகலாம். அது பயணிக்கும் பொருந்தும்.

படகைப் பொறுத்தவரை, ஆழமில்லாத களப்பில் இயந்திரப் படகின் விசிறி சேற்றைக் கிளறி, நீர்த் தாவரத்தை அறுத்துவிடும். கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது, மிஞ்சிய தாவரமும் வாடும், றால் குஞ்சுக்கு ஒதுங்க இடமில்லாமல் போகும். அந்த நட்டம் மீனவரின் வலையில்தான் தெரியும். கோல் ஊன்றும் தோணியால் இந்தச் சேதம் இல்லை. அனுமதி கிடைக்கும் இடங்களில் கோல் தோணி மட்டும், அதுவும் ஊர் மீனவரே ஓட்டுவது என்று உங்கள் சங்கம் வனசீவராசிகள் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்கலாம்.