இரவில் வோல்டேஜ் இறங்குகிறதா? ஸ்டெபிலைசர் வாங்குமுன் இதைப் பாருங்கள்

வணக்கம். வெயில் தொடங்கியதிலிருந்து இரவு 10 மணிக்கு மேல் 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 180க்கு இறங்குகிறது, ஏசி உறுமிவிட்டு நின்றுவிடுகிறது, பெரிய ஸ்டெபிலைசர் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அது வோல்டேஜை ஏற்றித்தர லைனிலிருந்து கூடுதல் கரண்டை இழுக்கும். தெருவே மாட்டினால் லைன் வோல்டேஜ் இன்னும் இறங்கும்.

பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் மேல் சுமை கூடியிருக்கும். முன்பெல்லாம் பகலில் சூடானாலும் ராத்திரியில் ஆறிவிடும். இப்போது ராத்திரியும் புழுக்கம், எல்லா ஏசியும் ஓடுவதும் அப்போதுதான். உள்ளே சுருளைச் சுற்றிய காப்புத் தாள், வடிவமைத்த சூட்டுக்கு மேல் 6 டிகிரி கூடியே ஓடிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும்.

பத்து நாள் மாலை 7, இரவு 11, விடியற்காலை 4 மணிக்கு அளந்து எழுதி வையுங்கள். அதே ஃபேஸில் (மூன்று மின்கம்பிகளில் உங்களுக்கு வரும் அதே கம்பியில்) உள்ள பக்கத்து வீட்டிலும் அளக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மட்டும் இறங்கினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கலாம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், தீப்பிடிக்கும். இரண்டு வீட்டிலும் இறங்கினால் சேர்ந்து மின்வாரியத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். வோல்டேஜ் எவ்வளவு இறங்கலாம் என்ற வரம்பு விதிகளில் இருக்கும். பதில் வராவிட்டால் அளந்து எழுதிய அதே தாளோடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த குறைதீர்ப்பு வழிக்குப் போங்கள்.