2038 சிக்கல்: அடுக்ககச் சங்கம் இப்போது என்ன செய்யலாம்?

வணக்கம். 2038இல் கருவிகள் முடங்கும் என்ற வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்து, பெங்களூரில் உள்ள உங்கள் அடுக்ககத்தின் வாயிற்கதவுக் கட்டுப்பாட்டுக் கருவியையும் கேமராப் பதிவுப் பெட்டியையும் உடனே மாற்றச் சொல்லி உறுப்பினர்கள் நெருக்குவதாக எழுதியிருந்தீர்கள். சிக்கல் உண்மையானதுதான். 1970 ஜனவரி 1 முதலான நொடிகளைக் குறியுடன் கூடிய 32 பிட் எண்ணாக (கூட்டல்/கழித்தல் குறியையும் சேர்த்து 32 இரும இலக்கங்களில்) சேமிக்கும் கருவிகளில், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07க்கு அந்த எண் தன் உச்ச அளவான 2,147,483,647ஐத் தொட்டு, அடுத்த நொடியே தேதி 1901 டிசம்பருக்குத் தாவிவிடக்கூடும். அதற்காக இன்றே சங்கப் பணத்தை வாரியிறைப்பது, என் பார்வையில், வீண். இவற்றில் பெரும்பாலானவை அதற்கு முன்பே பழுதாகிவிடும்.

பராமரிப்பாளரை அருகில் வைத்துக்கொண்டு, பதிவுப் பெட்டியில் வேறொரு காலி வன்தட்டைப் பொருத்தி, இணைய இணைப்பைத் துண்டித்து (இல்லாவிட்டால் கடிகாரம் தானாகத் திருத்திக்கொள்ளும்), நேரத்தை 2038 ஜனவரி 19 காலை 8:40க்கு மாற்றி, 8:44:07ஐக் கடந்த பிறகும் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அட்டைக்குக் கதவு திறக்கிறதா என்பதையும் அதேபோல் சோதியுங்கள். புதிதாக வாங்குபவற்றுக்கு மட்டும், 2038க்குப் பிந்தைய தேதிகளை ஏற்கும் என்ற உறுதியை விற்பனையாளரிடம் எழுத்தில் பெறுங்கள்.