பிளாஸ்மா வடிகட்டினால் பெம்பிகஸ் கொப்புளம் ஆறுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது, 60 கிலோ. பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற கொப்புள நோய். மூன்று மாதமாக ஸ்டீராய்டு சாப்பிட்டும் வாய்ப்புண்ணும் முதுகுக் கொப்புளங்களும் அடங்கவில்லை. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை ஐந்து தடவை வடிகட்டலாம் என்கிறார் டாக்டர். அதோடு நோய் போய்விடுமா?

பதில்: வடிகட்டுவதால் மட்டும் போகாது. மருந்து பிடிக்கும்வரை நோயை அடக்கி வைக்கும், அவ்வளவுதான்.

தோல் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் டெஸ்மோகிளீன் புரதத்தை, உடலே உண்டாக்கும் ஐஜிஜி வகை ஆன்டிபாடிகள் (நோய் எதிர்ப்புப் புரதங்கள்) தாக்குகின்றன. ஒட்டு விட்ட இடம் கொப்புளமாகிறது. இரட்டை வடிகட்டலில் முதல் வடிகட்டி அணுக்களையும் பிளாஸ்மாவையும் பிரிக்கும். இரண்டாவது, பெரிய மூலக்கூறான ஐஜிஜியைப் பிடித்துக்கொண்டு அதைவிடச் சிறிய புரதமான ஆல்புமினில் பெரும்பகுதியை உடம்புக்கே திருப்பிவிடும்.

ஒரு தடவைக்கு எவ்வளவு வடிகட்டுவது என முடிவுசெய்ய, உடம்பிலுள்ள பிளாஸ்மாவைக் கணக்கிடுவார்கள். அதற்கு எடையை 0.065 ஆல் பெருக்கி, அதை அணுக்கள் போக மீதமுள்ள பங்கால் பெருக்க வேண்டும். பிசிவி (ரத்தத்தில் அணுக்களின் பங்கு) 40 சதவீதம் என்றால் 60 × 0.065 × 0.6, சுமார் 2.3 லிட்டர். ஐஜிஜியில் பாதிக்கு மேல் ரத்தக்குழாய்க்கு வெளியே திசுக்களில் இருப்பதால், ஓரிரு நாளில் அது மறுபடி ரத்தத்துக்குக் கசிந்து வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வது அதற்காகத்தான்.

இறைக்கிற கிணறு ஊறும். ஆன்டிபாடி குறைந்ததும், அதை உண்டாக்கும் பி செல்கள் முன்னைவிட வேகமாகச் சுரக்கலாம். 1988-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், குறைந்த அளவு ஸ்டீராய்டோடு பிளாஸ்மா மாற்றம் (பிளாஸ்மாவையே எடுத்துவிட்டு வேறு திரவம் ஏற்றுவது) சேர்த்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. அவர்களில் நால்வர் தொற்றாலும் ரத்தக்கட்டியாலும் இறந்தார்கள். ஆகவே டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, ஊற்றை அடைக்க என்ன மருந்து என்பதே. பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் என்றால் கடைசித் தடவைக்குப் பிறகு ஏற்றுவது நல்லது. இடையில் ஏற்றினால் அடுத்த வடிகட்டலுக்கு 48 மணி நேரமாவது, முடிந்தால் 72 மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லையேல் விலையுயர்ந்த மருந்தும் சேர்ந்து வெளியேறிவிடும். அன்றைய மாத்திரைகளையும் வடிகட்டல் முடிந்தபின் கொடுக்கச் சொல்வார்கள்.

மிகவும் பயப்பட வேண்டியது தொற்றுக்கு. தோல் உரிந்திருக்கிறது, ஸ்டீராய்டு ஓடுகிறது, ரத்தத்தை எடுத்துத் திருப்பிவிடக் கழுத்தில் குழாய் வேறு. குழாயைப் புண்ணில்லாத தோலில்தான் போட வேண்டும். காய்ச்சல், குளிர்நடுக்கம், குழாய் வாயில் சிவப்பு, சீழ் கண்டால் நடுராத்திரி ஆனாலும் சொல்லிவிடுங்கள். ஐஜிஜியோடு, ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் புரதமும் போவதால் ரத்தம் உறைவது குறையும். ஒவ்வொரு தடவைக்கு முன்பும் அதைப் பரிசோதிக்க வேண்டும். குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் பயன்படுத்தினால் கால்சியம் இறங்கி உதடு மரக்கலாம், உடனே நர்ஸிடம் சொன்னால் கால்சியம் ஏற்றுவார்கள். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறாரா? அவற்றால் வடிகட்டும்போது அழுத்தம் திடீரென விழலாம். 24 மணி நேரம் முன்பே நிறுத்தி மாற்று மருந்து தர டாக்டரிடம் கேளுங்கள்.

முதலில் புதுக் கொப்புளம் நிற்கும். வாய்ப்புண் பெரும்பாலும் கடைசியில்தான் ஆறும். அதுவரை ஸ்டீராய்டை நீங்களாகக் குறைக்காதீர்கள்.