இஸ்தான்புல் சலித்துவிட்டதா? ஊரை விட வேண்டாம், கரையை மாற்றுங்கள்

இரண்டு மாதம் தங்க வந்து மூன்றாவது வாரமே சலித்துவிட்டது, ஜார்ஜியாவுக்குக் கிளம்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். பழைய நகரின் சுற்றுலாப் பகுதியான சுல்தானஹ்மெத்தில் உள்ள அறையை மட்டும் காலி செய்துவிட்டு எதிர்க்கரையில், ஆசியப் பக்கம் உள்ள காதிகோய்க்கு மாறிப் பாருங்கள்.

சலிப்புக்குக் காரணம் பெரும்பாலும் நீங்கள் இருக்கும் இடம்தான். ஹாகியா சோஃபியா, நீல மசூதி, தோப்காபி அரண்மனை எல்லாம் நடை தூரத்தில் இருப்பது நாலு நாளைக்கு வசதி. அப்புறம் பார்த்தால் சுற்றிலும் நினைவுப்பொருள் கடை, கம்பளக் கடை, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைக்கும் உணவக ஆட்கள். அங்கே எத்தனை வாரம் இருந்தாலும் கடைக்காரருக்கு நீங்கள் இன்றைக்கு வந்திறங்கிய ஆள்தான்.

முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பழைய நகரின் எமினோனு படகுத்துறையில் காதிகோய்க்குப் படகேறுங்கள். இருபது நிமிடப் பயணம், பேருந்து, டிராமுக்குப் பயன்படுத்தும் இஸ்தான்புல்கார்ட் அட்டையே போதும். (சிமித் என்ற எள் தூவிய வளைய ரொட்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பாதி கடற்பறவைக்குப் போகும்.) காதிகோய்த் துறையிலிருந்து கொஞ்சம் தள்ளிச் செவ்வாய்ச் சந்தை நடக்கும். காய், பழம், துணி என்று உள்ளூர்க்காரர்கள் வாங்கும் இடம். பிறகு காதிகோயின் மோடா பகுதிக்குப் போய்க் கடலோரத் தேநீர்த் தோட்டத்தில் உட்காருங்கள். மறுநாளும் வரத் தோன்றவில்லை என்றால் இது ஊர்ச் சலிப்பு இல்லை, பயணக் களைப்பு. அப்படியானால் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசி போனாலும் தீராது.

ஒரு எச்சரிக்கை: 2024 ஜனவரி முதல் துருக்கியில் சுற்றுலாப் பயணிகளுக்கு 100 நாள் வரை வீடு வாடகைக்கு விட அரசு அனுமதி கட்டாயம். வாசலில் அதற்கான பலகை இருக்க வேண்டும். பணம் அனுப்புவதற்கு முன் அதன் படத்தைக் கேளுங்கள்.