மார்கழிக் காலையில் லேசர் மீட்டரை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் பால்கனியில் லேசர் காற்று மீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறேன். மார்கழிக் காலையில் பிஎம் 2.5, அதாவது நுண்தூசு அளவு, கன மீட்டருக்கு 150 மைக்ரோகிராம் காட்டுகிறது. வெயில் ஏறியதும் 60-க்கு இறங்கிவிடுகிறது. இது புகையா, பனியா? இதிலேயே மழையையும் அளக்கலாமா?

பதில்: இரண்டும்தான். விடியற்காலையில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்று மேலே எழும்பாது. குப்பை எரித்த புகையும் வண்டிப் புகையும் அங்கேயே தங்கிவிடும். அது நிஜம். அதன் மேல் ஈரம் மீட்டர் எண்ணைக் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது.

உங்கள் மீட்டர் எதையும் எடை போடுவதில்லை. சின்ன ஃபேன் காற்றை இழுக்கும், லேசர் ஒளி குறுக்கே பாயும், தூசு சிதறடிக்கும் வெளிச்சத்தை வைத்து எடையைக் கணக்குப் போடும். உப்பும் சல்பேட்டும் உள்ள துகள், ஈரத்தைக் குடித்து ஊதிக்கொள்ளும். ஊதியது கூடுதலாக ஒளி சிதறடிக்க, மீட்டர் ஏமாந்துபோகும். அரசு நிலையங்களில் இருக்கும் பீட்டா கதிர்க் கருவிகள் காற்றைச் சூடாக்கி உலர்த்திய பிறகே அளக்கின்றன.

பர்ப்பிள்ஏர் என்ற நிறுவனத்தின் லேசர் மீட்டர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு திருத்தம் தந்தது. மீட்டர் எண்ணை 0.524-ஆல் பெருக்குங்கள். அதிலிருந்து, ஈரப்பத சதவீதத்தை 0.0862-ஆல் பெருக்கி வருவதைக் கழியுங்கள். அப்புறம் 5.75 கூட்டுங்கள். 95 சதவீத ஈரத்தில் உங்கள் 150, சுமார் 76 ஆகிறது! சென்னைப் புகைக்குப் போட்ட கணக்கல்ல இது. அப்படியே நம்ப வேண்டாம். வேளச்சேரியிலேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிலையம் இருக்கிறது. ஒரு வாரம் அதன் 24 மணி நேரச் சராசரியோடு உங்களுடையதை ஒப்பிட்டாலே எவ்வளவு ஏறுகிறது என்று பிடிபடும். மைக்ரோகிராமோடு மைக்ரோகிராம் பாருங்கள். ஏக்யூஐ எனும் காற்றுத் தரக் குறியீடு வேறு கணக்கு, அதில் 60 மைக்ரோகிராமே 100 ஆகிவிடும். எதிர்வீடு தெரியாத பனியில் வரும் எண்ணைத் தள்ளிவிடுங்கள்.

சரி, மழை? இதில் முடியாது, தண்ணீர் புகுந்தால் மீட்டரே போய்விடும். மழைக்கான லேசர் கருவி டிஸ்ட்ரோமீட்டர். அதில் ஒளி பட்டையான தாள் போல விரியும். துளி குறுக்கே விழும்போது எவ்வளவு ஒளி மறைகிறது என்பது அளவைச் சொல்லும், எவ்வளவு நேரம் மறைகிறது என்பது வேகத்தை. 1 மி.மீ. துளி நொடிக்குச் சுமார் 4 மீட்டரில் விழும், 5 மி.மீ. துளி 9 மீட்டரில். தூறலா கொட்டும் மழையா என்று கருவி பிரிப்பது இதை வைத்துத்தான். விலை அதிகம், சிலந்தி வலை பின்னினாலும் குழம்பும்.

வீட்டுக்கு அதெல்லாம் வேண்டாம். நேர்ப்பக்கமுள்ள பாத்திரத்தை மொட்டைமாடியில் சுவரை விட்டுத் தள்ளி வைத்து, காலையில் ஸ்கேலால் அளந்தால் போதும். 1 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர்.