மாமியின் குளிசை மறக்காது, என்னுடையது மறந்துவிடும்

கேள்வி: எனக்கு வயது 47. கோப்பாயில் இருக்கிறேன், ஆசிரியை. மாமி பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில். இரவில் இரண்டு மூன்று தடவை கூப்பிடுவார். கணவர் கொழும்பில் வேலை, மாதத்தில் இரண்டு தடவை வருவார். மகன் இந்த வருடம் உயர்தரம் எடுக்கிறான். எனக்கும் பிரஷர் இருக்கிறது. மாமியின் குளிசையை நேரம் தவறாமல் கொடுப்பேன், என்னுடையது வாரத்தில் இரண்டு நாளாவது மறந்துபோகும். இடுப்பு வலி, தலையிடி, எந்நேரமும் களைப்பு. யூடியூப்பில் பார்த்துவிட்டு விடிய 4.30க்கு எழும்பித் தியானம், 10,000 அடி நடை, டயரி என்று தொடங்கினேன். நான்காம் நாள் விட்டுவிட்டேன். இது என் பஞ்சியா டொக்டர்?

பதில்: பஞ்சி இல்லை. இரவில் மூன்று தடவை எழும்புகிற ஒருவர் விடிய 4.30க்கு அலாரம் வைத்தால், மிஞ்சியிருந்த கொஞ்ச நித்திரையும் போய்விடும். நான்காம் நாள் உங்கள் உடம்பு சொன்னதுதான் சரி. அந்த 10,000 என்ற கணக்கும் மருத்துவத்தில் இருந்து வந்ததல்ல. 1965 அளவில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்த எண் அது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, வாரத்துக்கு 150 நிமிடமாவது ஓரளவு மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்பது. ஒரே மூச்சில் செய்யத் தேவையில்லை, துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்கில் சேரும். பள்ளிக்கூட மாடிப்படியும் சேரும்.

ஆனால் நடையில் இருந்து தொடங்காதீர்கள். முதலில் நித்திரை.

மாமி கடைசித் தேத்தண்ணியை எத்தனை மணிக்குக் குடிக்கிறார்? இரவு 8 மணிக்கு என்றால் அதை மாலை 5 மணிக்குக் கொண்டுவாருங்கள். நாள் முழுவதும் குடிக்கும் அளவைக் குறைக்க வேண்டாம், நேரத்தை மட்டும் முன்னுக்குத் தள்ளுங்கள். சலம் போகச் செய்யும் குளிசை ஏதும் பின்னேரத்தில் கொடுக்கிறீர்களா என்று பார்த்து, காலைக்கு மாற்றலாமா என அவருடைய கிளினிக்கில் கேளுங்கள். இந்த இரண்டாலும் ஒரு தடவை எழும்புவது குறைந்தாலே பெரிய லாபம். எழும்பினால் போனை மட்டும் கையில் எடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டபின் 20 நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். மகன் அந்த 20 நிமிடம் அப்பம்மாவைப் பார்ப்பான். உயர்தரம் எடுக்கிறவனுக்கும் கொஞ்ச நேரம் புத்தகத்தை விட்டு எழும்புவது நல்லதுதான்.

அடுத்தது இடுப்பு. நீங்கள் மாமியைப் புரட்டுவதை நான் பார்க்கவில்லை, ஆனால் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்: கட்டில் தாழ்வு, முதுகை வளைத்து, இரண்டு கையாலும் அள்ளித் தூக்குவது. தூக்காதீர்கள், உருட்டுங்கள். உங்கள் பக்கமாகத் திருப்புவதென்றால், மறுபக்க முழங்காலை மடித்து வையுங்கள். ஒரு கை அவருடைய தோளின் பின்னால், மற்றக் கை இடுப்பின் பின்னால். உங்கள் ஒரு முழங்காலைக் கட்டிலின் மேல் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்தால் அவர் உங்கள் பக்கம் உருண்டு வருவார். தோளில் இருந்து தொடை வரை வருமாறு ஒரு போர்வையை இரண்டாக மடித்து விரித்துவிட்டால், மேலே நகர்த்துவதற்கு இருவராக அதன் இரு பக்கமும் பிடித்து இழுக்கலாம். பாரிசவாதம் வந்த கையைப் பிடித்து மட்டும் இழுக்கக் கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். இயன்மருத்துவர் ஒருவரிடம் ஒரு தடவை நேரில் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நான் எழுதுவதைவிட அவர் கையால் காட்டுவது நல்லது.

பிரஷர் குளிசைக்கு வருவோம். மாமியுடையதை மறக்காததற்குக் காரணம் அது காலைச் சாப்பாட்டோடு கட்டுப்பட்டிருப்பது. உங்களுடையதற்கு அப்படி ஒரு முளை இல்லை. பல் துலக்கும் பிரஷுக்குப் பக்கத்தில் வையுங்கள். மாமியின் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். அவசரத்தில் மாறிப் போகும். ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இரண்டாகப் போடவும் கூடாது.

களைப்புக்கு மனதை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 47 வயதில் மாதவிடாய் கூடுதலாகப் போகிறதா? இரத்தச்சோகையாக இருக்கலாம். தைரொயிட், சீனி, இரண்டையும் பார்க்க வேண்டும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது நம் வீடுகளில் விட முடியாத பழக்கம், ஆனால் சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதை அது குறைக்கிறது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள், முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழியுங்கள். தலையிடிக்கு இன்னொன்று கேட்கிறேன்: காலை 7.30இல் இருந்து 1.30 வரை எத்தனை மிடறு தண்ணீர் குடிக்கிறீர்கள்? பள்ளிக்கூட மலசலகூடத்துக்குப் போக விருப்பமில்லாமல் குடிக்காமலே இருக்கும் ஆசிரியைகளை நிறையச் சந்தித்திருக்கிறேன். (இதைச் சொல்கிற நானும் கிளினிக் நாட்களில் மத்தியானச் சாப்பாட்டைப் பின்னேரம் 3 மணிக்குச் சாப்பிடுகிறவன்தான்.)

இனிக் கொஞ்சம் சங்கடமான விஷயம். கணவருக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், “கொஞ்சம் உதவி செய்யுங்கோ” என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் “ஓம்” என்பார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். “சனிக்கிழமை இரவு 8 மணியில் இருந்து ஞாயிறு காலை வரை மாமியோடு நீங்கள் படுங்கோ” என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் என்றால், வாரத்தில் இரண்டு இரவு ஒரு ஆளை வைப்பதற்கான காசைக் கேளுங்கள். கணவர் வரும் இரண்டு தடவையும் இரவு முறை அவருடையது. விருந்தாளி போல வந்து போக விடாதீர்கள்.

தொடர்ந்து இரண்டு வாரம் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால், காரணமில்லாமல் அழுகை வந்தால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், அதைக் களைப்பு என்று தள்ளிவைக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தும் கதைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் அது. நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ வந்தால் 1990 அம்புலன்ஸ், காசில்லை.

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சுகவனிதையர் கிளினிக் நடக்கும் நாளைக் கேட்டறியுங்கள். பிரஷர், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கச் சொன்னால், கைப்பையில் இரண்டு இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு போங்கள். கொடுத்து முடிந்ததும் அங்கேயே ஒரு வாங்கில் இருந்து சாப்பிடுங்கள். வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டுச் சாப்பிடுவோம் என்று நினைத்தால் 11 மணியாகிவிடும்.